துருசு, சீனக்காரம், வெண்காரம்: புறக்கோட்டையில் நான் நம்பிப் போகும் ஒரு மருந்துச் சரக்குக் கடை

சென்ற வருடம் என்னிடம் உயர்தர இரசாயனவியல் படிக்க வரும் பிள்ளை ஒருத்தி, செப்பு சல்பேற்றின் நீலப் பளிங்குக்குள் எத்தனை நீர் கட்டுண்டிருக்கிறது என்று காண, 5.00 கிராம் நிறுத்து எடுத்துச் சூடாக்கினாள். வெள்ளைத் தூளாக மிஞ்சியது 2.98 கிராம். போன நீர் 2.02 கிராம். 2.98ஐ நீரற்ற உப்பின் மூலர்த் திணிவான 159.6 ஆல் பிரித்தாள், 2.02ஐ நீரின் மூலர்த் திணிவான 18 ஆல் பிரித்தாள். 0.0187 மூல் உப்புக்கு 0.112 மூல் நீர். ஒன்றுக்கு ஆறு. "மிஸ், இது ஹெக்சாஐதரேற்று, ஆறு நீர்" என்று கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். முகமெல்லாம் சந்தோஷம்.

கணக்கில் ஒரு பிழையும் இல்லை. சூடாக்கியதிலும் பிழை இல்லை, நான் பக்கத்திலேயே நின்றேன். ஆனால் நீலச் செப்பு சல்பேற்றுப் பளிங்கில் இருப்பது ஐந்து நீர். பிழை பொருளில் இருந்தது. பக்கெற்றைத் திறந்து பார்த்தேன். பளிங்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன, காகிதத்தில் வைத்து அழுத்தினால் காகிதம் நனைந்தது. திரும்பக் கணக்குப் பார்த்தால் அந்த 5 கிராமில் ஏறத்தாழ 0.34 கிராம் வெறும் ஈரம். பளிங்குக்குள் கட்டுண்ட நீருக்கும் மேலே ஒட்டிய ஈரத்துக்கும் தராசு வித்தியாசம் பார்க்காது. இரண்டையும் சேர்த்து நீர் என்றே காட்டும். ஆசையாக ஆறு என்று எழுதிய பிள்ளையிடம் "உன்னில் பிழையில்லை, நான் வாங்கின சாமானில் பிழை" என்று சொல்ல எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

அதை விற்றவர்களின் பெயரை எழுதவில்லை. அழகான லேபல், தூய்மை இத்தனை வீதம் என்ற அச்சு, நல்ல விலை, எல்லாம் இருந்தது. திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டபோது "திறந்த பக்கெற் எடுக்க மாட்டோம்" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு அம்மம்மா ஞாபகம் வந்தது. மாரியில் கிணறு கலங்கினால், வாளித் தண்ணீரில் சீனக்காரக் கட்டியை இரண்டு சுற்றுச் சுற்றி எடுப்பா. விடிய அடியில் சேறு படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்தச் சீனக்காரமும் ஓர் ஐதரேற்றுத்தான், அதாவது பளிங்குக்குள் நீர் கட்டுண்ட உப்பு. மருந்துச் சரக்குக் கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விற்பதில் பாதி நீரேற்றிய உப்புகள்தானே, ஏன் அங்கே போய்ப் பார்க்கக் கூடாது என்று யோசித்தேன்.

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் எடுத்துக் கொழும்புப் புறக்கோட்டையில் இறங்கினேன். கபோஸ் லேன் பக்கம் போனால் கடை தெரிவதற்கு முன்பே வாசனை வந்துவிடும். வசம்பு, கறுவா, அதிமதுரம், காய்ந்த வேர்கள் எல்லாம் சேர்ந்த வாசனை. நான் எழுதும் கடை அந்தச் சுற்றாடலில்தான் இருக்கிறது. கடைக்காரர் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. பச்சைக் கதவு, உள்ளே சுவர் முழுக்க மர லாச்சிகள் (இழுப்பறைகள்), முன்மேசையில் ஒரு வரிசைக் கண்ணாடிப் போத்தல்கள். அந்தப் போத்தல்கள்தான் என்னை அங்கே நிறுத்தியது.

ஒன்றில் துருசு, மயில் கழுத்து நீலத்தில். பக்கத்தில் அன்னபேதி, இளம்பச்சை. அப்புறம் வெள்ளைத்துத்தம், வெண்காரம், சீனக்காரம், பேதி உப்பு. எங்கள் பாடத்தில் வருகிற பெயர்களில் சொன்னால்: செப்பு சல்பேற்று, ஐந்து நீருடன். இரும்பு சல்பேற்று, ஏழு நீருடன். நாக (துத்தநாக) சல்பேற்று, அதுவும் ஏழு. சோடியம் போரேற்று, பத்து. பொற்றாசியம் அலுமினியம் சல்பேற்று, பன்னிரண்டு. மகனீசியம் சல்பேற்று, ஏழு. ஆறு போத்தல், ஆறு ஐதரேற்று. பத்து வருடமாக வகுப்பெடுக்கிறேன், இவற்றை ஒரே வரிசையில் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

போத்தல் ஒவ்வொன்றுக்கும் அரைத்த கண்ணாடி மூடி. திருகி இழுத்தால்தான் வரும். "ஏன் நானா இவ்வளவு இறுக்கம்?" என்று கேட்டேன்.

"டீச்சர், இங்க கடல் காத்து. துருசைத் திறந்து வச்சா ஈரம் பிடிச்சிரலாம். அன்னபேதி செம்மஞ்சளா மாறிரும், அப்புறம் வைத்தியர் ஐயாமார் எடுக்க மாட்டாங்க. எங்க வாப்பா காலத்துலயே இப்படித்தான்."

அவர் இரசாயனவியல் படித்தவர் இல்லை. ஆனால் இரும்பு(2) வளியில் ஒட்சியேறி இரும்பு(3) ஆவதை நிறத்தால் அறிந்து வைத்திருக்கிறார். பக்கெற் விற்றவர்களுக்கு இல்லாத கவனம் இவருக்கு இருக்கிறது. துருசில் ஒரு துண்டை எடுத்து என் முன்னால் காகிதத்தில் வைத்து அழுத்திக் காட்டினார். காகிதம் காய்ந்தே இருந்தது. பளிங்கின் விளிம்புகள் கூராக, மினுமினுப்பாக இருந்தன. 100 கிராம் வாங்கினேன். பிளாஸ்ரிக் பையில் போட்டுக் கட்டி, அதற்கு மேல் பத்திரிகைக் காகிதம் சுற்றித் தந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் உடனே நிறுத்துத் தரவில்லை. "எதுக்கு எடுக்கிறீங்க?" என்று முதலில் கேட்டார். துருசு நஞ்சு. படிப்புக்கு என்று சொன்ன பிறகுதான் தராசைத் தொட்டார். பிள்ளைகள் தனியாக வந்தால் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். இது எனக்கு மிகவும் பிடித்தது.

வீட்டுக்கு வந்து அதே பிள்ளையை வைத்தே திரும்பச் செய்தோம். தராசு செட்டியார் தெருப் பக்கம் வாங்கிய சின்ன நகைத்தராசு, 0.01 கிராம் வரை காட்டும். சூடாக்குகிற சின்னக் கிண்ணமான புடக்குகை வெறுமையாக 21.36 கிராம். பளிங்கு போட்டதும் 26.36. மெல்லிய சுடரில் மெதுவாகச் சூடாக்கினோம். நீலம் வெளிறி, ஓரத்திலிருந்து வெள்ளை பரவியது. ஆறவிட்டு நிறுத்தபோது 24.71. இன்னொரு தடவை சூடாக்கி 24.59. மூன்றாம் தடவை 24.58. இனிக் குறையாது என்று நிறுத்தினோம். இந்த மூன்று தடவையை நான் விடவே மாட்டேன். ஒரு தடவை சூடாக்கி நிறுத்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள், உள்ளே மிஞ்சிய நீரை உப்பின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

போன நீர் 1.78 கிராம், மிஞ்சிய உப்பு 3.22. முன்னதை 18 ஆல் பிரித்தால் 0.0989, பின்னதை 159.6 ஆல் பிரித்தால் 0.0202. விகிதம் 4.9. பிள்ளை என்னைப் பார்த்தாள். "ஐந்து" என்றேன். "ஐந்து மிஸ்" என்றாள். நீரின் வீதம் 35.6. இருக்க வேண்டியது 36.1. வீட்டு மேசையில், நகைத்தராசில், மருந்துக் கடைச் சரக்கில் இவ்வளவு கிட்ட வந்தது எனக்கே பெரிய விஷயம்.

ஆறவிடும் நேரம்தான் கொழும்பில் கஷ்டம். நீரற்ற செப்பு சல்பேற்று நீருக்கு அலைகிற சாமான். என் வகுப்பறை யன்னல் கடலைப் பார்த்தது. புடக்குகையைத் திறந்தபடி தராசில் வைத்தால் கடைசி இலக்கம் நம் கண் முன்னால் ஏறிக்கொண்டே போகும், வெள்ளைத் தூளின் மேல் மெல்லிய நீலம் படரும். அதனால் இறுக்கமான மூடியுள்ள பெரிய போத்தலுக்குள், சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சேர்த்து வைத்து ஆறவிடுகிறோம். கடும் சூடும் கூடாது. வெள்ளையைத் தாண்டிக் கறுக்கத் தொடங்கினால் சல்பேற்றே உடைந்து செப்பு ஒட்சைட்டு ஆகிறது என்று அர்த்தம். அதோடு போகும் வாயு நெஞ்சுக்குக் கெடுதல், கணக்கும் போய்விடும்.

பெயரிடுவதை நான் இப்போது அந்தக் கடையின் வரிசையை வைத்துத்தான் படிப்பிக்கிறேன். முதலில் உப்பின் பெயர். உலோகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒட்சியேற்ற எண் இருந்தால் அடைப்புக்குள் அந்த எண். அப்புறம் நீர் எத்தனை என்பதற்குக் கிரேக்கச் சொல், அதோடு ஐதரேற்று. துருசு செம்பு(2) சல்பேற்று பென்டாஐதரேற்று. அன்னபேதி இரும்பு(2) சல்பேற்று ஹெப்டாஐதரேற்று. பேதி உப்பு மகனீசியம் சல்பேற்று ஹெப்டாஐதரேற்று, மகனீசியத்துக்கு அடைப்பு எண் தேவையில்லை, அதற்கு ஒரே நிலைதான். மொனோ, டை, ட்ரை, டெட்ரா, பென்டா, ஹெக்சா, ஹெப்டா என்று தனியாகப் பாடமாக்கச் சொன்னால் பிள்ளைகள் ஹெக்சாவையும் ஹெப்டாவையும் மாற்றிப் போடுவார்கள். "ஹெப்டா என்றால் அன்னபேதிப் போத்தல்" என்று ஒரு தடவை நிறத்தோடு மனதில் பதிந்துவிட்டால் மாறுவதில்லை.

CuSO₄·5H₂O என்ற சூத்திரத்தில் உப்புக்கும் நீருக்கும் நடுவில் வருகிற அந்தப் புள்ளி, பிள்ளைகளைப் படுத்துகிற பாடு சொல்லி முடியாது. அதைப் பெருக்கல் அடையாளம் என்று நினைத்து 159.6ஐயும் 90ஐயும் பெருக்கி 14,364 என்று விடை எழுதிய கொப்பிகள் என்னிடம் வந்திருக்கின்றன. புள்ளிக்குப் பிறகு வருகிற ஐந்து நீரோடு மட்டும் பெருகும். ஐந்து தடவை 18, 90. அதை உப்போடு கூட்டு, 249.6. 90ஐ 249.6 ஆல் பிரித்து 100 ஆல் பெருக்கு, 36.1 வீதம். இதை நான் பலகையில் எழுதுவதற்கு முன் போத்தலைக் கையில் கொடுக்கிறேன். "இந்தப் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்" என்று சொன்னால் அவர்கள் நம்புவதில்லை, குலுக்கிப் பார்ப்பார்கள். அப்போதுதான் அந்த 36.1க்கு உயிர் வருகிறது. பேதி உப்பில் 51.2 வீதம், அரைவாசிக்கு மேல். பளிங்காக இருக்கிற சலவைச் சோடாவில் 63 வீதம்.

ஐந்து நீரும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதையும் துருசில்தான் சொல்லிக் கொடுக்கிறேன். நான்கு நீர் செம்போடு பிணைந்திருக்கிறது, ஐந்தாவது சல்பேற்றோடு ஐதரசன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எல்லாம் ஒரே வெப்பநிலையில் போவதில்லை. முதல் நான்கு 110 பாகைக்குள் போய்விடும், கடைசி ஒன்று 200 பாகை வரை இழுத்தடிக்கும். மூன்று தடவை சூடாக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

அடுத்த முறை போய்ச் சீனக்காரம் வாங்கினேன். கடைச் சீனக்காரத்தில் ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. பொற்றாசியம் சேர்ந்ததா, அமோனியம் சேர்ந்ததா? இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான், இரண்டிலும் பன்னிரண்டு நீர்தான். ஆனால் நீரின் வீதம் ஒன்றில் 45.6, மற்றதில் 47.7. நானாவிடம் கேட்டேன். "அது தெரியாது டீச்சர், ஒரே ஆளிட்டத்தான் எடுக்கிறேன்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற கடைக்காரர் எனக்குப் போதும். வீட்டில் ஒரு சிட்டிகைத் தூளோடு வெற்றிலைச் சுண்ணாம்பும் இரண்டு துளி நீரும் சேர்த்துக் குழைத்து முகர்ந்தோம். அமோனியம் இருந்தால் மூக்கில் குத்தும் மணம் வர வேண்டும். வரவில்லை. பொற்றாசியம் என்று எடுத்துக்கொண்டோம்.

சீனக்காரம் சூடானதும் தன் நீரிலேயே உருகி, பொங்கி, பஞ்சு போல எழும்பும். புடக்குகையில் கால்வாசிக்கு மேல் போடக் கூடாது. 4.00 கிராமில் 2.20 மிஞ்சியது. 1.80ஐ 18 ஆல், 2.20ஐ 258.2 ஆல். 11.7 வந்தது, பன்னிரண்டு என்று எழுதினோம். சில புத்தகங்களில் இதே உப்பை இரட்டிப்பாக எழுதி இருபத்துநான்கு நீர் என்று போட்டிருப்பார்கள். பிள்ளைகள் பயப்படுவார்கள். உப்பும் இரட்டிக்கிறது, நீரும் இரட்டிக்கிறது, வீதம் மாறாது. அவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

சித்த வைத்தியத்தில் சீனக்காரத்தையும் வெண்காரத்தையும் சட்டியில் பொரித்துத்தான் மருந்துக்கு எடுப்பார்கள் என்பதை நானாதான் ஞாபகப்படுத்தினார். பொரிப்பது என்றால் வேறென்ன, பளிங்கு நீரை ஓட்டுவதுதான். எங்கள் வைத்தியர்கள் நீரற்ற உப்பு தயாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், அதற்குப் பொரிப்பு என்று பெயர். இதை வகுப்பில் சொன்ன அன்று, பின்வரிசையில் ஒருநாளும் வாய் திறக்காத பொடியன், "எங்கட வீட்டில அப்பம்மா வாய்ப்புண்ணுக்குப் பொரிச்ச வெண்காரம் வச்சிருக்கிறா" என்றான். அதற்குப் பிறகு அவன் முன்வரிசைக்கு வந்துவிட்டான்.

வெண்காரத்தை அளவறியும் பரிசோதனைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பத்து நீர் என்று எழுதினாலும், உண்மையில் எட்டுத்தான் நீர் மூலக்கூறாக இருக்கிறது, மற்ற இரண்டும் போரேற்றோடு ஐதரொட்சைல் கூட்டமாகக் கட்டுண்டு கிடக்கிறது. கடைசிப் பகுதி வீட்டுச் சுடரில் இலகுவில் போகாது. எங்களுக்கு 44 வீதம்தான் வந்தது, வர வேண்டியது 47.2. அன்னபேதியைச் சூடாக்கவே வேண்டாம். நீர் மட்டும் போகாது, இரும்பு ஒட்சியேறும், கந்தக ஒட்சைட்டு வாயுவும் கிளம்பும். அது நிறம் பார்க்கவும் பெயர் எழுதவும் மட்டும்.

கடையில் குறை இல்லையா என்றால், இருக்கிறது. எந்தப் போத்தலிலும் இரசாயனப் பெயர் இல்லை, பழைய தமிழ்ப் பெயர் மட்டும். வெள்ளைத்துத்தமும் பேதி உப்பும் வெள்ளைப் பளிங்கு, பக்கத்தில் பக்கத்தில். ஒரு நாள் உதவிக்கு நிற்கும் பொடியன் ஒன்றுக்கு மற்றதை எடுக்கப் போனான், நானா பார்த்துத் தடுத்தார். அதோடு எல்லாப் போத்தலுக்கும் ஒரே கரண்டிதான் பாவித்தார்கள். நான் இதைச் சொன்னேன். கோபிக்கவில்லை. அடுத்த கிழமை போனபோது போத்தலுக்கு ஒன்றாகச் சின்ன மரக் கரண்டி வாங்கி வைத்திருந்தார். பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். தமிழ்ப் பெயர், இரசாயனப் பெயர், நீர் எத்தனை, எது நஞ்சு என்று எழுதிக் கொடுத்தேன். இப்போது போத்தல்களில் ஒட்டியிருக்கிறது. ஆய்வுகூடத் தூய்மை இவற்றுக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். துருசைக் கரைத்தால் அடியில் கொஞ்சம் மண் தங்குகிறது. கரைசலின் செறிவைத் துல்லியமாக அளக்கும் நியமிப்புக்கு இது உதவாது. வடித்து, ஒரு தடவை திரும்பப் பளிங்காக்கி எடுத்தால் நீர்க் கணக்குக்குத் தாராளமாகப் போதும். அந்தப் பளிங்காக்கலே பிள்ளைகளுக்கு இன்னொரு பாடம்.

போகிறவர்கள் மூடி இறுக்கமான சின்னப் போத்தல்கள் கொண்டுபோங்கள், பத்திரிகைக் காகிதத்தில் சுற்றியதை அப்படியே வீட்டில் வைத்தால் ஈரம் பிடிக்கலாம். வீட்டில் சமையல் சட்டி, கரண்டி எதையும் இதற்கு எடுக்காதீர்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குக் கடை பூட்டியிருக்கும். செப்பு சல்பேற்று என்று கேட்டால் பொடியன் நானாவைத் தேடுவான், துருசு என்று கேளுங்கள். எதற்கு என்று நானா கேட்டால் சரியாகச் சொல்லுங்கள். நிறுக்க முன் ஒரு துண்டைக் காகிதத்தில் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள், அவர் சந்தோஷமாகக் காட்டுவார்.